வால்தகட்டில் வைத்த சந்தனப் பொட்டு

இஞ்சாருங்கோ,

கடிதம் எண்டால் முதலிலை பேரெழுத வேணுமாம். பதினாலு வருசம் உங்களோடை குடித்தனம் நடத்தினவள் நான், ஒருநாளும் உங்கட பேரை வாயாலை சொல்லேல்லை. இப்ப எழுதுவம் எண்டு பாத்தாலும் பேனை போகுதில்லை. அதாலை வழக்கமாக் கூப்பிடுற மாதிரியே கூப்பிடுறன். குசினிக்குள்ளை நிண்டு நான் "இஞ்சாருங்கோ" எண்டால், பின்விறாந்தையிலை இருந்து "ஓம், என்ன?" எண்டு கேப்பியள். ஒரு வருசமாச்சு, நான் இன்னும் வாய் தவறிக் கூப்பிட்டுக்கொண்டுதான் இருக்கிறன்.

நாளையிண்டைக்கு உங்கட ஆட்டைத் திவசம். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு உங்கட ஆக்கள் அடிச்சுக் குடுத்த கல்வெட்டுப் புத்தகத்தை இண்டைக்குக் காலமை திருப்பி எடுத்துப் படிச்சுப் பாத்தன். வெண்பாவிலையும் விருத்தத்திலையும் உங்களைப் பாடியிருக்கினம். தந்திக் கந்தோரிலை உத்தியோகம் பாத்த பெருமையாம், உற்றார் உறவினரிலை பற்றாம், பிள்ளையாரிலை மாறாத பக்தியாம். நீங்களும் பிள்ளையாரும்! நான் உள்ளை கும்பிட்டு முடியுமட்டும் பம்பலப்பிட்டிக் கோயில் வாசலிலை என்ர செருப்புக்குக் காவல் நிண்டதைத் தவிர வேறென்ன பக்தி உங்களுக்கு இருந்தது?

அந்தக் கல்வெட்டிலை கிற்றார் எண்ட சொல் இல்லை. வினாகிரி இல்லை, பற்றரி இல்லை, பச்சை நிறத் தண்ணி நிண்ட அச்சாறுப் போத்தல் இல்லை. படிச்சு முடிய எனக்குக் கோவம்தான் வந்தது. ஆற்றையோ மனிசனைப் பாடி வைச்சிருக்கினம். அதாலைதான் நான் இதை எழுதுறன். ஆரும் படிச்சால் படிக்கட்டும், அச்சிலை போடுறதெண்டாலும் போடட்டும், எனக்கு இனி என்ன வெக்கம்?

இன்னொரு காரணமும் இருக்கு. நான் உங்களுக்கு ஒரு விசயம் சொல்லாமல் விட்டிட்டன். எங்கட ஒழுங்கை ஒஸீயின்ர கிற்றார்த் தகடு பழுதாப் போனது உங்கட கை வேர்வையாலை இல்லை. என்ர கையாலை. சொல்லுவம் சொல்லுவம் எண்டு நான் நாள் கடத்த, நீங்கள் போயிட்டியள். இதை நெஞ்சுக்குள்ளை வைச்சுக்கொண்டு ஒரு வருசம் நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

முதலிலை இருந்து சொல்லுறன், உங்களுக்குத் தெரிஞ்சதுதான் எண்டாலும்.

வெள்ளவத்தைக்கு நாங்கள் குடி வந்த முதல் வருசமே கடல் காத்து தன்ர வேலையைக் காட்டத் தொடங்கிவிட்டுது. தையல் மெசினிலை துரு. அலுமாரிப் பிணைச்சலிலை துரு. வெள்ளிக்கிழமை மினுக்கி வைச்ச குத்துவிளக்கு அடுத்த வெள்ளிக்கிடையிலை பச்சைக் களிம்பு பிடிச்சு நிக்கும். எங்களுக்கே இப்பிடியெண்டால், ஒழுங்கையின்ர கடைசியிலை, றெயில் பாதைக்குப் பக்கத்து வீட்டிலை இருந்த ஒஸீயின்ர பாடு எப்பிடியிருக்கும்? அந்தப் பறங்கி மனிசன் டான்ஸுகளுக்குக் கிற்றார் வாசிச்சுச் சீவிக்கிறவர். அந்தக் கிற்றாரிலை இரும்பெண்டும் பித்தளையெண்டும் இருந்த எல்லாத்தையும் உப்புக்காத்து தின்னுது. தந்தி முறுக்குற ஆணிகள் இறுகிப்போச்சு. தந்தியளைக் கீழ்ப்பக்கத்திலை பிடிச்சு வைச்சிருக்கிற தகடு, அதுக்கு வால்தகடு எண்டு நீங்கள்தானே தமிழிலை பேர் வைச்சியள், அது கறுத்துப் பச்சை பூத்து, தொட்டால் கையிலை ஒட்டும்.

அது சண்டைக் காலம். அரிசிக் கப்பலே ஒழுங்கா வராத நேரத்திலை கிற்றாருக்கு ஆணி எங்காலை வரும்? ஒஸீ எங்கட வாசல் படியிலை இருந்து தலையிலை கை வைச்சுக்கொண்டு சொன்னதும், நீங்கள், "நான் நிக்கல் பூசித் தாறன், வீட்டிலையே செய்யலாம்" எண்டியள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டுது. உங்களுக்கு ஒரு விளக்குத் திரி வெட்டத் தெரியாது. கிற்றார் வாசிக்கவும் தெரியாது. தாளமும் இல்லை, சுருதியும் இல்லை. எண்டாலும் அந்த வாத்தியத்திலை உங்களுக்கு அப்பிடியொரு ஆசை. ஒஸீ வாசிக்கேக்கை நீங்கள் அவரின்ர விரலைப் பாக்கிறேல்லை, அந்த ஆணியளையும் தகட்டையும்தான் பாத்துக்கொண்டிருப்பியள்.

லைப்ரரியிலை எடுத்த இங்கிலீசுப் புத்தகத்தைப் பாத்து வேலை தொடங்கினது. என்ர அச்சாறுப் போத்தல் ஒண்டு போச்சு. அதுக்குள்ளை வினாகிரி, ஒரு கிள்ளு உப்பு. ஒஸீ எங்கையோ இருந்து கொண்டு வந்த பழைய கார் பற்றரி. அதிலையிருந்து ரெண்டு கம்பி இழுத்து, ரெண்டிலையும் நிக்கல் கட்டிப் போத்தலுக்குள்ளை தொங்கவிட்டால், வினாகிரி கொஞ்சம் கொஞ்சமாப் பச்சையாகும். பிறகு ஒரு கம்பியிலை நிக்கலை விட்டிட்டு மற்றக் கம்பியிலை பூச வேண்டிய சாமானைத் தொங்கவிடுறது. நிக்கல் அங்கையிருந்து கரைஞ்சு வந்து இதிலை படியுமாம். "கண்ணுக்குத் தெரியாமல் நடந்து வருகுது, பாரும்" எண்டு நீங்கள் என்னைக் கூப்பிட்டுக் காட்டினியள். தெரியாததை நான் எப்பிடிப் பாக்கிறது எண்டு கேட்டன். அதுக்கும் சிரிச்சியள்.

நிக்கலுக்கு எங்கை போறது? எங்கட சதுர அஞ்சு சதக் குத்திக் காசுகளை எடுத்துப் போட்டியள். "மகாராசாவின்ர தலையை வினாகிரிக்குள்ளை ஊறப்போடுறியளே, பொலிசுக்காரன் வந்தால் நான் என்ன சொல்லுறது?" எண்டு நான் கத்தினன். "அச்சாறு எண்டு சொல்லும்" எண்டியள். கடைசியிலை பாத்தால் ஆணியெல்லாம் அவிச்ச இறால் நிறத்திலை வந்து நிக்குது. கிற்றாருக்கு வெக்கம் வந்திட்டுதாக்கும் எண்டு நான் சொல்ல, ஒஸீ விழுந்து விழுந்து சிரிச்சார். அந்தக் காசிலை செம்பும் கலந்திருந்ததாம், அது உங்களுக்குப் பிறகுதான் தெரிஞ்சுது. அடுத்த கிழமை ஒஸீ, டான்ஸுக்கு வந்த கனடாக்காரச் சிப்பாய் ஒருத்தனிட்டை அவங்கட நாட்டுக் காசொண்டு வேண்டிக்கொண்டு வந்தார். அது முழு நிக்கல். அதுதான் உங்கட பொக்கிசம்.

என்ர பங்கு மினுக்கிறது. நீங்கள் சவுக்காரமும் மண்கடதாசியும் போட்டு உரஞ்சோ உரஞ்செண்டு உரஞ்சியும், பூசினது செதில் செதிலாக் கழண்டுது. பாத்துக்கொண்டிருக்க ஏலாமல் நான் பழப்புளியும் சாம்பலும் எடுத்துக்கொண்டு வந்து இருந்தன். பித்தளைக்கு என்ன செய்ய வேணும் எண்டு எங்களுக்குப் புத்தகம் சொல்லித் தர வேணுமே? அண்டைக்கு நீங்கள் என்னைப் பாத்த பார்வை இருக்கே! கலியாணத்தண்டும் அப்பிடிப் பாக்கேல்லை.

மினுக்கினதிலை தண்ணி ஊத்திப் பாக்கிறதுதான் சோதினை. தண்ணி முத்து முத்தா நிண்டால் எண்ணெய்ப் பசை இருக்கெண்டு அர்த்தம். ஒரே சீராப் படர வேணும். படர்ந்த பிறகு அதை ஆரும் தொடக்கூடாது. விரல் பட்டால் அந்த இடத்திலை நிக்கல் பிடிக்காது. கம்பியிலை மாட்டி, கம்பியைப் பிடிச்சுத்தான் தூக்க வேணும். தீட்டு, துடக்கு எண்டு நான் சொன்னால் நக்கலடிக்கிற மனிசன், அந்த நேரத்திலை ஐயரை விட மோசமா நிப்பியள். "தொடாதையும்! கிட்ட வராதையும்! சீலைத் தலைப்பைப் பிடியும்!" நானும் கையிரண்டையும் பின்னாலை கட்டிக்கொண்டு நிப்பன்.

முதல் ஆணி சரிவந்த நாள் ஞாபகமோ? பல்லுப்பொடி போட்டுத் துடைச்சு வெயிலிலை பிடிச்சியள். வெள்ளை வெளேரெண்டு மின்னிச்சுது. அதை என்ர உள்ளங்கையிலை வைச்சிட்டு, விறாந்தைத் தூணோடை சாஞ்சுகொண்டு நிண்டியள். கந்தோரிலை பதினெட்டு வருசம் அதே கதிரையிலை இருந்து ஃபைல் கட்டின ஆள், தன்ர கையாலை ஒண்டைச் செய்து முடிச்ச சந்தோசம் அது. அண்டைக்குத்தான் எனக்கு விளங்கிச்சுது, அந்தக் கந்தோர் உங்களை எவ்வளவு தின்னுது எண்டு.

அதுக்குப் பிறகுதான் புறக்கோட்டைக் கடைக் கதை வந்தது. அந்த வாத்தியக் கடையிலை கிற்றார், மண்டலின் எண்டு கனக்க விக்காமல் துருப்பிடிச்சுக் கிடந்தது. ஒஸீ முதலாளியிட்டை உங்களைப் பற்றிச் சொல்லி, ஒரு சாமான் செய்து கொண்டு வாருங்கோ, பாப்பம் எண்டு அவர் ஒரு சனிக்கிழமை மத்தியானம் வரச் சொன்னார். திங்கள் இந்தியாவுக்குப் போறாராம், பிறகு மாசக் கணக்காகுமாம். "இது சரிவந்தால் நான் கந்தோரை விட்டிடுவன். பின்விறாந்தையை அடைச்சுப் பட்டறை போடுவம். நீரும் நானும்" எண்டியள். நீரும் நானும் எண்டியள், எனக்கு அது நல்ல ஞாபகம்.

ஒஸீயின்ர வால்தகட்டைத்தான் காட்டுறதெண்டு முடிவு. அண்டைக்குப் பின்னேரமே அவருக்கு டான்ஸும் இருந்தது. அந்தச் சனிக்கிழமை நீங்கள் லீவு போட்டியள். காலமை நான் தகட்டை மினுக்கி, தண்ணி ஊத்தி, சீராப் படர்ந்ததை நீங்களும் பாத்து, கம்பியிலை மாட்டி விறாந்தை வளைமரத்திலை தொங்கவிட்டியள். போத்தலைக் கழுவக் கிணத்தடிக்குப் போனியள்.

இப்பதான் சொல்லப் போறன்.

நான் சாமியறைக்குள்ளை போய்க் கும்பிட்டன். இவருக்கு இது சரிவர வேணும் பிள்ளையாரே, அந்தக் கதிரையிலையிருந்து இவரை எழுப்பிவிடப்பா எண்டு கும்பிட்டன். வெளியிலை வர, மோதிர விரலிலை சந்தனம் இருந்துது. புதுச் சைக்கிள் எண்டாலும், புது உரல் எண்டாலும், ஒரு பொட்டு வைக்காமல் நாங்கள் எதைத் தொடங்கினனாங்கள்? தொங்கிக்கொண்டிருந்த வால்தகட்டுக்கு நடுவிலை ஒரு பொட்டு வைச்சன். நீங்கள் தொடாதையும் எண்டு சொன்னது எனக்கு ஞாபகம் இருந்தது. ஆனால் பொட்டு வைக்கிறதைத் தொடுறதெண்டு நான் நினைக்கேல்லை. சத்தியமா நினைக்கேல்லை. பித்தளைக்கும் சந்தனத்துக்கும் ஒரே நிறம், உங்கட கண்ணிலையும் படாது எண்டு குசினிக்குள்ளை போயிட்டன்.

நீங்கள் வெளியிலை எடுக்கேக்கை தகடு முழுக்க வெள்ளையா வந்திருந்தது. நடுவிலை மட்டும் அப்பளம் பொரியத் தொடங்கினமாதிரி வட்டமா ஒரு சின்னப் பொங்கல். "என்ன இது?" எண்டு கேட்டன். "என்ர கை வேர்வை பட்டிட்டுதாக்கும். பரவாயில்லை, சரிவரும்" எண்டு சொல்லிக்கொண்டு பல்லுப்பொடி போட்டு மினுக்கினியள். திருப்பிச் செய்ய நேரம் இல்லை. ஒஸீ வாசலிலை நிண்டு கூப்பிடுறார், றெயிலுக்கு நேரம் போகுது எண்டு. அப்பவாவது நான் வாயைத் திறந்திருக்கலாம். திறக்கேல்லை.

அந்த முதலாளி தகட்டை வாங்கி, நேரா நடுவிலைதானாம் நகத்தை வைச்சார். பூச்சு அப்பிடியே வட்டமாக் கழண்டு விழ, உள்ளையிருந்த பித்தளை மஞ்சளாத் தெரிஞ்சுதாம். "கிளாக்கர்மார் பேனை பிடிச்சால் காணும்" எண்டு சொல்லி, கடையிலை நிண்ட ஆக்களெல்லாம் சிரிச்சவையாம். இதெல்லாம் நீங்கள் எனக்குச் சொல்லேல்லை, பிறகு ஒஸீ சொல்லித்தான் தெரியும். "சரிவரேல்லை" எண்ட ஒரு சொல்லோடை உள்ளை வந்து, பச்சைத் தண்ணியைக் கொண்டுபோய்க் கறிவேப்பிலை மரத்தடியிலை ஊத்தினியள். அதுக்குப் பிறகு அந்தப் போத்தலை நீங்கள் தொடேல்லை. கறிவேப்பிலையும் பட்டுப்போச்சு.

அதுக்குப் பிறகு ஏழு மாசம். திங்கள் தொடக்கம் சனி வரைக்கும் காலமை வெள்ளவத்தை ஸ்ரேசனுக்கு நடந்து போறதும் வாறதுமா இருந்தியள். ஒரு செவ்வாய்க்கிழமை பத்து மணி போலை கந்தோர்ப் பியோன் ஓடி வந்தான். நெஞ்சைப் பிடிச்சுக்கொண்டு மேசையிலை சாஞ்சவராம், பிறகு எழும்பேல்லையாம்.

அதே கதிரையிலை. எந்தக் கதிரையிலையிருந்து உங்களை எழுப்பிவிடச் சொல்லிக் கும்பிட்டனோ, அதே கதிரையிலை. நான் வைச்ச பொட்டுத்தான் உங்களை அதிலை இருத்திச் சாகடிச்சுப்போட்டுது எண்டுதான் இந்த ஒரு வருசமும் நான் நினைச்சுக்கொண்டிருந்தனான். ஆரிட்டைச் சொல்லி அழுறது? உங்களிட்டைத்தான் சொல்லியிருக்க வேணும். நீங்கள் இல்லை.

செத்தவீட்டண்டு என்ர பொட்டை உங்கட அக்கா, என்ர மச்சாள்தான் அழிச்சவா. ஊரிலையிருந்து வந்து இறங்கின கையோடை, ஈரத்துணியாலை ஒரே இழுவையாத் துடைச்சா. அவாவிலை எனக்குக் கோவம் இல்லை. மச்சாளுக்கு இருபத்திரண்டு வயசிலை ஆரோ அப்பிடித்தானே துடைச்சுவிட்டவை. பிறகு அவா ஊருக்குப் போகேல்லை. "உன்னைத் தனிய விட்டிட்டு நான் அங்கை போய் என்ன செய்யிறது?" எண்டு என்னோடையே நிக்கிறா. நாங்கள் ரெண்டு பேரும் ரெண்டு வெள்ளைச் சீலையோடை இந்த வீட்டிலை இருக்கிறம். அவா கனக்கக் கதைக்கிறேல்லை, உங்களுக்குத் தெரியும்தானே.

இனிப் புதினம் சொல்லுறன். போன கிழமை ஒஸீ வந்தவர்.

நீங்கள் போக முந்தியே திருகோணமலைக்குப் போனவர், சண்டை முடியும்வரைக்கும் டான்ஸ் பாண்டோடை அங்கை நிண்டு, பிறகு கண்டி, அங்கை இஞ்சை எண்டு திரிஞ்சு இப்பதான் திரும்பினவராம். நீங்கள் போன செய்தி இஞ்சை வந்த பிறகுதான் தெரியுமாம். வாசலிலை தொப்பியைக் கழட்டிக்கொண்டு நிண்டு, "அனே ஐயோ, மிஸிஸ்... என்ர புரொபெசர்" எண்டார். உங்களை அவர் எப்பவும் அப்பிடித்தானே கூப்பிடுறவர். மச்சாள் உள்வாசலிலை இருக்க, நான் தேத்தண்ணி குடுத்தன்.

கிற்றாரையும் கொண்டு வந்திருந்தார். ஆணியெல்லாம் பழையபடி துரு. "இனி இதை ஆரிட்டைக் குடுக்கிறது மிஸிஸ்?" எண்டு தனக்குள்ளை சொல்லுறமாதிரிச் சொன்னார். என்ர வாயிலையிருந்து எப்பிடி வந்துதெண்டு தெரியேல்லை, "நான் செய்து தாறன்" எண்டிட்டன். கனடாக் காசு என்னட்டைத்தான் இருக்கு. உங்கட கோட்டுப் பொக்கற்றுக்குள்ளை, வெத்திலைத் தகரத்துக்குள்ளை, துணியிலை சுத்தி வைச்சிருந்தியள். போத்தலை மூலையிலை போட்ட மனிசன் காசை மட்டும் ஏன் நெஞ்சோடை வைச்சுக்கொண்டு திரிஞ்சனீங்கள்?

ஒஸீ தந்தியளைத் தளத்தி வால்தகட்டைக் கழட்டி என்ர கையிலை தந்தார். சுத்திவர வெள்ளை மங்கிக் கறுத்திருக்கு. நடுவிலை அந்த வட்டம் மட்டும், அவரின்ர சட்டையிலை உரஞ்சி உரஞ்சி, பளிச்செண்டு மஞ்சளா நிக்குது. நான் உடைஞ்சுபோனன். மச்சாளுக்கு முன்னாலை, ஒரு பறங்கி மனிசனுக்கு முன்னாலை, எல்லாத்தையும் சொல்லி அழுதன். "அது அவரின்ர கை இல்லை. நான் வைச்ச பொட்டு. நான்தான் கெடுத்தனான்" எண்டன்.

ஒஸீ சொன்னார்: "அது அவருக்குத் தெரியும்தானே, மிஸிஸ்?"

இஞ்சாருங்கோ, என்ன மனிசன் நீங்கள்?

புறக்கோட்டையிலையிருந்து றெயிலிலை திரும்பி வரேக்கை, கொள்ளுப்பிட்டி தாண்டினாப் பிறகு நீங்கள் சொன்னியளாம். போத்தலுக்குள்ளை விட முந்தியே சந்தனத்தைக் கண்டிட்டியளாம். துடைக்கிறதுக்குத் துணியும் எடுத்தியளாம். "துணியைக் கிட்டக் கொண்டுபோனன் மச்சான், கை போகேல்லை. என்ர மனிசி வைச்ச பொட்டை நான் என்ர கையாலை எப்பிடித் துடைக்கிறது?" எண்டியளாம். சாத்திரம், சம்பிரதாயம் எல்லாம் பேய்க்கதை எண்டு சொல்லித் திரிஞ்ச மனிசன்!

முதலாளியிட்டை உண்மையைச் சொல்லி இன்னொரு தவணை கேட்டிருக்கலாமே எண்டு ஒஸீ உங்களோடை சண்டை பிடிச்சாராம். "நான் சிரிப்பு வாங்கினது காணும். அவள் ஆசையா வைச்சதைச் சொல்லி அந்தாளைச் சிரிக்க விடச் சொல்லுறியோ?" எண்டு கேட்டியளாம். அதுக்குப் பிறகு வெள்ளவத்தை வருமட்டும் யன்னலாலை கடலைப் பாத்துக்கொண்டு வந்தியளாம்.

இவ்வளவும் தெரிஞ்சுகொண்டு வீட்டுக்கு வந்து "சரிவரேல்லை" எண்டு மட்டும் சொன்னனீங்களோ? ஏழு மாசம் ஒரு மேசையிலை இருந்து சாப்பிட்டிருக்கிறம். நான் சொல்ல வெக்கப்பட்டுக்கொண்டு நீங்கள் பாக்காத நேரம் உங்கட முகத்தைப் பாக்கிறன். நீங்கள் எனக்கு நோகும் எண்டு வாயை மூடிக்கொண்டு சோத்தைப் பிசையிறியள். விசர் மனிசன், ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் அழுதிருப்பன், நீங்கள் சிரிச்சிருப்பியள், அதோடை முடிஞ்சிருக்கும். அடுத்த கிழமை வேறொரு தகட்டைப் பூசியிருப்பம். எனக்கு உங்களிலை அவ்வளவு கோவம் வந்தது. இப்பவும் இருக்கு. போத்தலுக்குள்ளை விட முந்தி என்னைக் கூப்பிட்டு, "நீர் வைச்ச பொட்டை நீரே துடையும்" எண்டு சொல்லியிருந்தால்? ராத்திரி முழுக்க இதைத்தான் யோசிச்சன். நானும் துடைச்சிருக்கமாட்டன். அதுதான் உண்மை.

ஒஸீக்கு இது விளங்கேல்லை. "ஒரு சின்னப் பொட்டுத்தானே மிஸிஸ், துடைச்சால் என்ன?" எண்டு கேட்டார், பாவம். நான் மச்சாளைப் பாத்தன். அவா தன்ர வலக்கையை மடியிலை வைச்சு அதையே பாத்துக்கொண்டிருந்தா. செத்தவீட்டண்டு ஈரத்துணி பிடிச்ச கை. பிறகு எழும்பி உள்ளை போயிட்டா.

முந்தாநாள் நான் வேலையைத் தொடங்கினன். புது வினாகிரி, புதுப் போத்தல். பற்றரி ஒஸீ கொண்டு வந்து தந்தவர். ஆணியளை அண்டைக்கே பூசி முடிச்சிட்டன். நல்லா வந்திருக்கு, நீங்கள் பாத்தால் குறை சொல்ல ஏலாது. வால்தகட்டை நேற்றுக் காலமை எடுத்தன். பழப்புளியும் சாம்பலும் போட்டுப் பழைய பூச்சிலை பிடிச்ச கறுப்பெல்லாம் போக மினுக்கினன். தண்ணி ஊத்தினன். ஒரே சீராப் படர்ந்துது, அந்த வட்டத்துக்கு மேலாலையும் படர்ந்துது. இப்பிடியே விட்டால் முழுத் தகடும் வெள்ளையா வரும். ஒரு அடையாளமும் இருக்காது. வேலை தெரிஞ்ச ஆள் செய்ததெண்டு எந்த முதலாளியும் சொல்லுவான்.

நான் கம்பியைப் பிடிச்சுக்கொண்டு அப்பிடியே நிண்டன்.

பின்னாலை கல்லிலை தண்ணி படுற சத்தம் கேட்டுது. திரும்பிப் பாத்தால் மச்சாள் சாமியறையிலையிருந்து சந்தனக் கல்லை எடுத்துக்கொண்டு வந்து கழுவுறா. குந்தியிருந்து கட்டையை உரைச்சா. ஒரு வருசமா அந்தக் கட்டையை நாங்கள் ரெண்டு பேரும் தொடேல்லை, தொட்டு என்ன செய்யிறது? உரைச்சு முடிச்சு, கல்லோடை தூக்கி எனக்கு முன்னாலை நீட்டினா. "வை" எண்டா.

மோதிர விரலாலை தொட்டு, அதே இடத்திலை வைச்சன்.

பூசி எடுத்து, நடுவிலை பொங்கி வந்ததை நகத்தாலை உரிச்சுவிட்டன். தகடு இப்ப ஒஸீயின்ர கிற்றாரிலை இருக்கு. சுத்திவர வெள்ளி மாதிரி, நடுவிலை மஞ்சளாப் பொட்டு. வாற சனிக்கிழமை ஹெவ்லொக் டவுனிலை ஒரு கலியாண வீட்டுக்கு வாசிக்கப் போறாராம். ஆரும் கேட்டால் என்ன சொல்லுவியள் எண்டு கேட்டன். "புரொபெசரின்ர மிஸிஸ் வைச்சது எண்டு சொல்லுவன்" எண்டார். சிரிக்கிறவை சிரிக்கட்டும். நீங்கள் எனக்காக ஒளிச்சு வைச்சது இனி ஊர் முழுக்கப் போகப்போகுது, கோவிக்காதையுங்கோ. கறிவேப்பிலை மரமும் அடியாலை துளிர்க்குது. இந்த முறை பச்சைத் தண்ணியை அதிலை ஊத்தமாட்டன்.

ஒண்டு சொல்லுறன், இதை வாக்கா எடுங்கோ. கடல் காத்து நிக்கப் போறதில்லை. அந்தத் தகடு திருப்பியும் கறுக்கும், ஒஸீ கழட்டிக்கொண்டு வருவார். ஒவ்வொருமுறையும் நான் புளி போட்டு மினுக்கி, தண்ணி படர்ந்த பிறகு, ஆரும் தொடக்கூடாத அந்த நேரத்திலை, என்ர விரலாலை சந்தனம் வைச்சுத்தான் பச்சைத் தண்ணிக்குள்ளை விடுவன். என்ர நெத்தியிலை வைக்க எனக்கு இனி ஏலாது. நீங்கள் துடைக்கமாட்டன் எண்டு விட்ட பொட்டு அங்கை இருக்கு. நான் இருக்குமட்டும் அது அழியாது.

எண்டைக்கும் உங்கட மனிசி,
பாக்கியம்
வெள்ளவத்தை